பிரிகிற ஓட்டும் மனசாட்சியும்

ஒத்த கருத்துள்ள வாக்காளர்கள் இரண்டு வேட்பாளர்களிடையே பிரிந்து நிற்க, அவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்று நினைக்கும் மூன்றாமவர் வென்றுவிடுவது வாக்குப் பிரிவு. அப்படி நடந்துவிடக் கூடாது என்று, மனதுக்குப் பிடித்தவரை விட்டுவிட்டு, வெல்லக்கூடியவர்களில் பரவாயில்லை என்று தோன்றுகிறவருக்குப் போடுவது உத்தி வாக்கு. முன்னது கணக்கில் எழும் சிக்கல். பின்னது அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட வாக்காளரின் மனசாட்சியில் எழும் சிக்கல். தகுதியானவர் என்று தான் நம்பாத ஒருவரைத் தன் கையாலேயே தேர்ந்தெடுப்பது அறமா? பெருந்தீமையைத் தடுக்கச் சிறு தீமைக்குத் துணை போகலாமா? போகாமல் விலகி நின்றால், அதன்பின் வரும் கேட்டில் விலகியவருக்குப் பங்கு உண்டா? வாக்குச்சீட்டு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சமயங்களும் தத்துவங்களும் இந்தக் கேள்விகளை வேறு வடிவங்களில் விவாதித்திருக்கின்றன.

இந்தியாவில் சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நடக்கும் தேர்தலில், தொகுதியில் மற்ற எவரையும்விட ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வெற்றி பெறுகிறார். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 2014 மக்களவைத் தேர்தலில் பாஜக நாடு முழுவதும் 31 சதவீத வாக்குகளைப் பெற்று 282 இடங்களை வென்றது. அதே தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக 44 சதவீத வாக்குகளோடு 39இல் 37 இடங்களைப் பிடிக்க, 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய திமுகவுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. இந்த முறையில் எத்தனை பேர் ஒருவரை விரும்புகிறார்கள் என்பதைப் போலவே, அவரை விரும்பாதவர்கள் எத்தனை பிரிவாக நிற்கிறார்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது.

2021 சட்டமன்றத் தேர்தலில் கோவை தெற்குத் தொகுதி இதற்கு நல்ல சான்று. பாஜகவின் வானதி சீனிவாசன் 53,209 வாக்குகள் பெற்று வென்றார். மக்கள் நீதி மய்யத்தின் கமல்ஹாசன் 51,481 பெற்று 1,728 வாக்கு வித்தியாசத்தில் இரண்டாமிடம் வந்தார். திமுக கூட்டணியில் நின்ற காங்கிரஸ் வேட்பாளர் மயூரா ஜெயக்குமார் 42,383 பெற்றார். மூவரும் வாங்கிய வாக்குகளைக் கூட்டினால், வென்றவரின் பங்கு ஏறத்தாழ 36 சதவீதம். இங்கே யார் யாருடைய ஓட்டைப் பிரித்தார்? மய்யத்தின் ஆதரவாளர் கண்ணுக்கு, மூன்றாமிடம் வந்த காங்கிரஸ் பிரித்தது. காங்கிரஸ் ஆதரவாளர் கண்ணுக்கு, மாநிலம் முழுவதும் பலமான கூட்டணி ஒன்று நிற்கும்போது இடையில் வந்த மய்யம் பிரித்தது. கமல் நிற்காமல் இருந்திருந்தால் அவருடைய வாக்காளர்களில் ஒரு பகுதியினர் வானதிக்கே போட்டிருக்கவும் கூடும். மூன்று கூற்றில் எது சரி என்று சொல்ல வழியே இல்லை. ‘இவர் இல்லையென்றால் யார்?’ என்ற கேள்வியை அந்த வாக்குப்பதிவு எந்திரம் யாரிடமும் கேட்கவில்லை. ‘ஓட்டைப் பிரித்தவர்’ என்ற குற்றச்சாட்டு ஒவ்வொன்றுக்கும் அடியில், அந்த ஓட்டு முதலிலேயே தமக்குச் சொந்தம் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. ஓட்டு போடுகிறவருக்குச் சொந்தமே தவிர, கேட்கிறவருக்குச் சொந்தமில்லை.

உலகம் முழுவதும் பேசப்பட்ட சான்று 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். புளோரிடா மாநிலத்தில் ஜார்ஜ் புஷ், அல் கோரைவிட 537 வாக்குகள் கூடுதலாகப் பெற்று, அதனால் நாட்டின் அதிபரானார். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு விழுந்தவை 97,488. அந்த வாக்காளர்களில் மிகச் சிறு பகுதியினர் கோரின் பக்கம் நகர்ந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும். பிரான்சில் 2002இல் நடந்தது இன்னும் விசித்திரம். முதல் சுற்றில் 16 பேர் போட்டியிட்டனர். இடதுசாரி வாக்குகள் பல பேரிடம் சிதறியதால், சோஷலிஸ்ட் கட்சியின் லியோனெல் ஜோஸ்பன் 16.18 சதவீதத்தோடு மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். தீவிர வலதுசாரியான ழான்-மரி லு பென் 16.86 சதவீதத்தோடு இரண்டாம் சுற்றுக்குப் போனார். அந்தச் சுற்றில் இடதுசாரிகளுக்கு எஞ்சியிருந்தது, தாங்கள் வாழ்நாள் முழுவதும் எதிர்த்துவந்த ழாக் சிராக்குக்குப் போடும் வழி மட்டுமே. மூக்கில் துணி கிளிப்பை மாட்டிக்கொண்டும் கையுறை அணிந்துகொண்டும் வாக்குச்சாவடிக்குப் போவோம் என்று சிலர் அறிவித்தார்கள். அப்படிச் செய்தால் வாக்கின் ரகசியம் கெடும் என்ற எச்சரிக்கை வந்தது. சிராக் 82 சதவீத வாக்குகள் பெற்றார். அந்த கிளிப் வெறும் வேடிக்கைப் பொருள் அன்று. ஒருவருக்கு ஓட்டுப் போடுவதும் அவரை ஏற்றுக்கொள்வதும் வேறு வேறு என்று ஊரறியச் சொல்ல அந்த வாக்காளர்கள் தேடிக்கொண்ட வழி அது.

வேண்டுமென்றே வாக்கைப் பிரிப்பது, இப்படித் தானாக நேரும் வாக்குப் பிரிவில் சேராது. 2004 மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் ஆலப்புழைத் தொகுதியில் காங்கிரஸின் வி.எம். சுதீரன் 1,009 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். வி.எஸ். சுதீரன் என்ற பெயரில் நின்ற சுயேச்சைக்கு 8,282 வாக்குகள் விழுந்திருந்தன. 2015 முதல் வாக்குப்பதிவு எந்திரத்தில் வேட்பாளர் படம் ஒட்டப்படுவதற்கு இப்படிப்பட்ட பெயர்க் குழப்பமே காரணம். கொள்கையோடு நிற்கும் சிறு கட்சி வேட்பாளரையும், பெயர் ஒற்றுமைக்காகவோ சாதி ஒற்றுமைக்காகவோ எதிராளி காசு கொடுத்து நிறுத்தும் டம்மி வேட்பாளரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முன்னவர் வாக்காளருக்கு ஒரு வழியைத் திறக்கிறார். பின்னவர் வாக்காளரை ஏமாற்றுகிறார்.

இந்தச் சிக்கலுக்குக் கணிதத்தில் தீர்வு உண்டா என்று பிரெஞ்சு அறிஞர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே தேடினார்கள். வேட்பாளர்களை வாக்காளர் வரிசைப்படுத்தி, வரிசைக்கு ஏற்ப மதிப்பெண் தர வேண்டும் என்றார் போர்டா. ஒவ்வொரு இருவரையும் தனித்தனியே மோதவிட்டு, எல்லா மோதலிலும் வெல்பவரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1785இல் எழுதினார் கொந்தோர்சே; அப்படி ஒருவர் சில சமயம் கிடைக்கவே மாட்டார் என்பதையும் அவரே காட்டினார். 1951இல் மொரீஸ் துவெர்ஜே, ஒரே சுற்றில் அதிக வாக்கு பெற்றவர் வெல்லும் முறை காலப்போக்கில் இரு கட்சி நிலைக்கு இட்டுச்செல்லும் என்றார். ஓட்டு வீணாகிவிடுமே என்ற வாக்காளரின் அச்சம் அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கடைசி ஆணியை அறைந்தவர்கள் ஆலன் கிப்பர்டும் மார்க் சாட்டர்த்வைட்டும். மூவரோ அதற்கு மேலோ வெல்ல வாய்ப்புள்ள தேர்தலில், ஒரே ஒருவருடைய விருப்பமே முடிவாகிவிடாத எந்த எண்ணும் முறையிலும், தன் உண்மை விருப்பத்தை மறைத்து வாக்களிப்பதால் ஒரு வாக்காளர் பயனடையும் சூழல் ஏதோ ஒன்று இருந்தே தீரும் என்று 1973இலும் 1975இலும் அவர்கள் தனித்தனியே நிறுவினார்கள். தற்செயலுக்கு இடம் தரும் முறைகளுக்கு மட்டும் இது பொருந்தாது. எடுத்துக்காட்டாக, சோழன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) சொல்லும் குடவோலை முறையில், ஊரின் 30 குடும்புகளிலும் (பகுதிகளிலும்) தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் இடம் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் குலுக்கலில் ஓட்டுப் பிரிவு இல்லை, உத்தியும் இல்லை. வாக்குகள் சமமாகிவிட்டால் இன்றைக்கும் குலுக்கல்தான்.

ஆக, உத்தியாக வாக்களிக்கும் ஆசை வாக்காளரின் குணக்கேட்டிலிருந்து வருவதில்லை. எண்ணும் முறைதான் அவரை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஆனால், ஒரு தூண்டுதல் இயல்பானது என்பதாலேயே அதற்கு இணங்குவது சரி என்று ஆகிவிடாது. அறக் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உத்தி வாக்கை மறுப்பவரின் மிக வலுவான வாதம், அது பொய் என்பது. வாக்கு ஒரு சாட்சியம்; ‘இவரே தகுதியானவர்’ என்று ஊர் முன்னிலையில் தரும் வாக்குமூலம்; மனதில் ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவரைக் காட்டுவது பொய்ச்சாட்சி. விளைவு எதுவானாலும் பொய் கூடாது என்று கடைசிவரை நின்றவர் இம்மானுவேல் காண்ட். கொலைகாரன் வாசலில் வந்து நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்று 1797இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். திருவள்ளுவரிடமும் இந்தக் கண்டிப்பு உண்டு. பெற்ற தாய் பசித்திருப்பதைப் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்கிறது வினைத்தூய்மை அதிகாரம். ஆனால் அதே வள்ளுவர், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வாய்மை அதிகாரத்தில் இடம் விடுகிறார். தெரிந்து தெளிதலில் இன்னும் நெருங்கி வருகிறார். ஒருவரின் குணத்தையும் பார், குற்றத்தையும் பார், எது மிகுதியோ அதைக் கொண்டு முடிவு செய் என்பது அவர் சொல்லும் வழி. குற்றமே இல்லாதவர் கிடைப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. குறையுள்ளவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவருக்குச் சொன்ன அறம் அது.

பொய் என்ற வாதத்துக்கு நேரான பதில் ஒன்று உண்டு. பொய்க்கு ஏமாறுகிறவர் ஒருவர் வேண்டும். ரகசிய வாக்கெடுப்பில் யாருக்கு யார் போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. எனவே யாரும் ஏமாறுவதில்லை. உலகிலேயே சிறந்தவர் யார் என்றும் அங்கே யாரும் கேட்பதில்லை. இந்தப் பட்டியலில் உள்ளவர்களில் ஒருவர் இந்த இடத்தில் உட்காரப் போகிறார், அதை முடிவு செய்வதில் உன் பங்கு என்ன என்பதே அங்குள்ள வேலை. வாக்கு ஒரு வாக்குமூலம் அன்று, ஒரு செயல். செயல் என்றால், அதை அதன் நோக்கத்தாலும் விளைவாலும் எடைபோட வேண்டும். மாக்ஸ் வேபர் 1919இல் மியூனிக் நகரில் மாணவர்களுக்கு ஆற்றிய உரையில் இரண்டு அறங்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, கொள்கையைக் கறைபடாமல் காப்பதே கடமை, விளைவு கடவுள் பொறுப்பு என்பது. மற்றொன்று, தன் செயலின் முன்கூட்டித் தெரியக்கூடிய விளைவுகளுக்குத் தானே பதில் சொல்வது. அரசியலில் இறங்குகிறவர் இரண்டாவதிலிருந்து தப்ப முடியாது என்பது அவருடைய முடிவு. ஓட்டுப் போடுகிறவரும் ஒரு கணம் அரசியலில் இறங்குகிறவர்தான்.

சமய மரபுகளில் இதை மிக நுணுக்கமாகப் பிரித்தது கத்தோலிக்க அறவியல். பிறருடைய தீச்செயலுக்கு உள்ளத்தால் உடன்பட்டு உதவுவது ஒன்று; தீமைக்கு உடன்படாமல், தன் செயலின் விளைவு தொலைவிலிருந்து அதற்குத் துணையாகிவிடுவது இன்னொன்று. முன்னது எப்போதும் பாவம். பின்னதற்கு, தகுந்த காரணம் இருந்தால் இடமுண்டு. பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்டாக ஆன கர்தினால் ராட்சிங்கர், 2004இல் அமெரிக்க ஆயர்களுக்கு அனுப்பிய குறிப்பில் இதே பிரிவைத் தேர்தலுக்குப் பொருத்தினார். திருச்சபை ஏற்காத நிலைப்பாடு கொண்ட வேட்பாளருக்கு, அந்த நிலைப்பாட்டுக்காகவே ஒருவர் வாக்களித்தால் அது குற்றம். அதை ஏற்காமல், ஈடான வேறு காரணங்களுக்காக வாக்களித்தால் அது தொலைவான துணை மட்டுமே, அனுமதிக்கத்தக்கது.

இந்த நெகிழ்வு திருச்சபைக்கு எளிதில் வந்துவிடவில்லை. 1870இல் இத்தாலிய அரசு உரோமை நகரைக் கைப்பற்றிய பின், நாடாளுமன்றத் தேர்தல்களில் கத்தோலிக்கர் பங்கேற்பது தகாது என்று திருத்தந்தை விலக்கி வைத்தார். கறைபடாமல் விலகி நிற்பதே அன்றைய வழி. ஆண்கள் ஏறத்தாழ எல்லோருக்கும் வாக்குரிமை வந்த 1913 தேர்தலில் நிலைமை மாறியது. சோஷலிஸ்டுகள் வென்றுவிடுவார்கள் என்ற அச்சத்தில், கத்தோலிக்கத் தேர்தல் அமைப்பின் தலைவர் ஜென்டிலோனி ஓர் ஏற்பாடு செய்தார். மணமுறிவுச் சட்டத்தை எதிர்ப்பது, பள்ளியில் சமயக் கல்வியைக் காப்பது உள்ளிட்ட ஏழு அம்சங்களை ஏற்கும் தாராளவாத வேட்பாளர்களுக்குக் கத்தோலிக்கர் வாக்களிப்பார்கள் என்பது அது. பாப்பரசரின் நாட்டைப் பறித்தவர்களின் வாரிசுகளுக்கே கத்தோலிக்கர் ஓட்டுப் போட்டார்கள். ஓட்டுப் போடாமல் இருந்தாலும் யாரோ ஒருவர் வெல்லத்தான் போகிறார் என்பதை ஒப்புக்கொள்ளத் திருச்சபைக்கு 40 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இரண்டு தீங்குகள் எதிர்ப்பட்டால் இலேசானதை ஏற்றுப் பெரியதைத் தவிர்க்கலாம் என்பது இஸ்லாமியச் சட்டவியலின் பொதுவிதிகளில் ஒன்று. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டநூலிலும் அது இடம்பெற்றது. முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளில் வாக்களிப்பது தகுமா என்று கேள்வி எழும்போது அறிஞர்கள் பலர் இந்த விதியையே எடுத்துக் காட்டுகிறார்கள். மகாபாரதத்தின் சாந்தி பர்வம் ஆபத்துக் காலத்து அறத்துக்கென்று தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அதைவிடக் கூர்மையான பாடம் துரோண பர்வத்தில் இருக்கிறது. அசுவத்தாமன் இறந்தான் என்று தருமன் சொன்ன அரைப்பொய் போரின் போக்கையே மாற்றியது. அதுவரை தரையில் படாமல் நான்கு விரற்கடை மேலே ஓடிக்கொண்டிருந்த அவனுடைய தேர் அந்தக் கணத்தில் மண்ணில் இறங்கியது. செய்ய வேண்டியிருந்ததால் செய்தான். செய்ததற்கான விலையையும் கொடுத்தான். நவீன தத்துவத்தில் பெர்னார்டு வில்லியம்ஸ் இதையே வாதமாக்கினார்: இரண்டு கடமைகள் மோதும்போது சரியானதையே தேர்ந்தாலும், விடுபட்ட கடமை மறைந்துவிடுவதில்லை, அதற்கான வருத்தம் நியாயமானது. உத்தி வாக்குப் பற்றிய எந்த நேர்மையான சிந்தனையும் இந்த வருத்தத்துக்கு இடம் தர வேண்டும். வருத்தமே இல்லாமல் உத்தி பேசுகிறவர் தன் கொள்கையை ஏற்கெனவே விட்டுவிட்டவர்.

தமிழ்நாட்டு வரலாற்றில் இந்த வருத்தமும் இந்த உத்தியும் ஒன்றாக நின்றது 1967இல். 1962 தேர்தலில் காங்கிரஸ் 46 சதவீத வாக்குகளோடு 206இல் 139 இடங்களை வென்றிருந்தது. எதிர்த்த வாக்குகள் திமுக, சுதந்திரா, கம்யூனிஸ்ட் என்று சிதறிக் கிடந்தன. 1967இல் திமுகவின் அண்ணாவும் சுதந்திராக் கட்சியின் ராஜாஜியும் அவற்றை ஒன்றுசேர்த்தார்கள். காங்கிரஸ் 41 சதவீதம் பெற்றது; திமுக அதைவிடச் சற்றே குறைவாகப் பெற்றது. ஆனால் காங்கிரசுக்குக் கிடைத்தவை 51 இடங்கள், திமுகவுக்கு 137. ஐந்து சதவீத வாக்குச் சரிவு ஓர் ஆட்சியையே கவிழ்த்ததென்றால், அது பிரியாமல் நின்ற எதிர்வாக்கின் வலிமை. ராஜாஜிக்கும் திமுகவுக்கும் இடையே சமயம், சாதி, கல்வி எதிலும் ஒத்த கருத்து இல்லை. 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்துப் போராடிய கட்சி அது. ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உதயசூரியனுக்குப் போடுங்கள் என்று அவர் சொன்னதாக இன்றுவரை மேடைகளில் பேசப்படுகிறது. அந்தப் பேச்சு இத்தனை காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம், ஒரு கையில் நம்பிக்கையும் மறு கையில் தேவையுமாக நிற்கும் வாக்காளரின் நிலையை அது அப்படியே காட்டுவதுதான்.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி இதைவிடக் கொடுமையான வடிவில் வந்தது. 2005 அதிபர் தேர்தலில் விடுதலைப் புலிகள் விதித்த புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மகிந்த ராஜபக்ச, ரணில் விக்கிரமசிங்கவை நாடு முழுவதிலும் சுமார் 1.8 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வடக்கின் விலகல் முடிவை மாற்றியது என்பதே பரவலான கணிப்பு. அடுத்த தேர்தல் 2010 ஜனவரியில் வந்தது. ராஜபக்சவை எதிர்த்து நின்றவர் சரத் பொன்சேகா. எட்டு மாதங்களுக்கு முன்பு முடிந்த போரில், முள்ளிவாய்க்கால் வரை படையை நடத்திய இராணுவத் தளபதி. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது. யாழ்ப்பாணத்தில் வாக்களிக்கப் போனவர்களில் ஏறத்தாழ 64 சதவீதத்தினர் அவருக்கே போட்டார்கள். சொந்தங்களை இழந்தவர்கள், இழப்பில் பங்குள்ளவரின் சின்னத்தில் புள்ளடி இட்டார்கள். அதை ஒப்புதல் என்று யாராவது எழுதினால் அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பொன்சேகா தோற்றார், அந்த வாக்குகளால் அதிபர் மாறவில்லை. ஆனால் வாக்கு என்பது செயலே தவிரச் சான்றிதழ் அன்று என்பதற்கு இதைவிடக் கனமான ஆதாரம் கிடையாது.

ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்று கேட்டு இந்த முழு விவாதத்தையும் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் காங்கிரஸின் சி.பி. ஜோஷி 62,215 வாக்குகள் பெற்றார். வென்றவர் பெற்றவை 62,216. இது அபூர்வம் என்பது உண்மைதான். பெரும்பாலான தொகுதிகளில் தனி ஒருவரின் வாக்கு முடிவை மாற்றுவதில்லை. ஆனால் பலர் சேர்ந்து விளைவிக்கும் நன்மையிலும் தீமையிலும் ஒவ்வொருவரின் பங்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால் பங்கே இல்லை என்றாகிவிடாது என்று 1984இல் டெரிக் பார்ஃபிட் விரிவாக வாதிட்டார். இந்த வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். உத்தியாகப் போடுகிறவரின் ஓட்டுக்குப் பொறுப்பு உண்டென்றால், மனசாட்சிப்படி சிறு கட்சிக்குப் போடுகிறவரின் ஓட்டுக்கும் அதே அளவு பொருள் உண்டு. ஒன்றை மட்டும் ‘வீண் ஓட்டு’ என்று சொல்ல முடியாது.

உத்தி வாக்கின் அறம் பெரும்பாலும் அதற்குப் பின்னால் உள்ள அறிவைப் பொறுத்தது. யார் வெல்லக்கூடும் என்ற கணிப்பு தவறானால், கொள்கையையும் விட்டு, தீமையையும் தடுக்காமல், இரண்டையும் இழந்து நிற்க நேரும். இங்கேதான் உள்ளாட்சித் தேர்தலுக்கும் நாடாளுமன்றத் தேர்தலுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. வாக்காளர் சில ஆயிரம் பேர். எந்தத் தெரு யார் பக்கம், எந்த வகையறா எப்படிப் பிரியும், எதிர்த்தரப்பின் தெருவிலிருந்து ஒருவரை நிறுத்தி ஓட்டைப் பிரிக்கச் செலவழிப்பது யார் என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே தெரிந்துவிடும். கணிப்பு அங்கே திடமானது. ஆனால் ஓட்டின் ரகசியம் மெலிந்தது. ஒரு வார்டில் விழாத ஓட்டு யாருடையது என்பதையும் ஊர் ஊகித்துவிடும். தலித்துகளும் சிறுபான்மைச் சாதியினரும் மனசாட்சிப்படி போடுவதற்குத் தரும் விலை அங்கே நேரடியானது. அவர்கள் உத்தியாகப் போட்டால் அது பெரும்பாலும் தற்காப்பு. அதைக் கொள்கைக் குறைவு என்று தூரத்திலிருந்து எடைபோடுவது சரியன்று. ‘ஓட்டுப் பிரிந்தால் பகை’ என்று சொல்லிப் பதவியைக் கோயில் முன்னால் ஏலம் விடும் ஊர்களைப் பற்றி மாநிலத் தேர்தல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. ஓட்டுப் பிரிவதைவிட, ஓட்டே இல்லாமல் போவது மோசம்.

நாடாளுமன்றத் தேர்தலில் நிலைமை தலைகீழ். ரகசியம் வலுவாக இருக்கிறது, கணிப்போ பலவீனமாக இருக்கிறது. 2004இல் வாஜ்பாய் அரசு திரும்பி வரும் என்ற கணிப்புகள் பொய்த்தன. 2024இல் வாக்குச்சாவடிக் கணிப்புகள் பல, தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் என்றன. பாஜக தனியாகப் பெற்றது 240. இப்படித் தவறக்கூடிய எண்களை நம்பி, பிடித்தவரைக் கைவிடச் சொல்வது பலவீனமான அறிவுரை. கணிப்பு தெளிவில்லாதபோது மனசாட்சிப்படி போடுவதே வாக்காளருக்கு உரிய இயல்பான வழி.

காலமும் கணக்கில் சேர வேண்டும். இந்தத் தேர்தலில் மட்டும் பெரிய தீமையைத் தடுப்போம், அடுத்த முறை மனதுக்குப் பிடித்தவருக்குப் போடுவோம் என்ற பேச்சு ஒவ்வொரு தேர்தலிலும் திரும்ப வருகிறது. 1949இல் தொடங்கிய திமுக 1957இல்தான் முதன்முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் இறங்கியது. ஆட்சிக்கு வரும் வாய்ப்பே இல்லாத கட்சி என்று அன்றைய வாக்காளர் எல்லோரும் உத்தியாக யோசித்து ஒதுக்கியிருந்தால், பத்தாண்டில் அது கோட்டைக்கு வந்திருக்காது. ஒரு தேர்தலில் வீணானதாகத் தெரியும் ஓட்டு அடுத்த தேர்தலுக்கு விதை. உத்தி, பழக்கமாகிவிட்டால் அந்த விதையை அழித்துவிடும்.

யாரையும் ஏற்காதவருக்கு நோட்டா இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தந்த தீர்ப்பால் அது எந்திரத்தில் இடம்பெற்றது. அதற்கு முன் 49ஓ விதிப்படி வாக்குச்சாவடி அலுவலரிடம் சொல்லிக் கையெழுத்திட வேண்டியிருந்தது; ரகசியமே இல்லை. 2024இல் இந்தூர் தொகுதியில், காங்கிரஸ் வேட்பாளர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பின், 2.18 லட்சம் பேர் நோட்டாவை அழுத்தினார்கள். அது இரண்டாமிடம் பெற்றது. ஆனாலும் நோட்டாவால் யாரும் தோற்பதில்லை. அது சாட்சியமாக மட்டும் நிற்கும் ஓட்டு, செயலாகாத ஓட்டு. சாட்சியம் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிறவருக்கு அது நேர்மையான இடம்.

உத்தியாகப் போட்டவருக்கு ஒரு கடன் மிஞ்சுகிறது. வென்றவர் அந்த ஓட்டையும் சேர்த்துத்தான் ‘மக்கள் தீர்ப்பு’ என்று காட்டுவார். ஓட்டு ரகசியம் என்பதால், அது ஒப்புதல் அல்ல என்பதை ஓட்டால் சொல்ல முடியாது. வாயால்தான் சொல்ல வேண்டும். தான் தேர்ந்தெடுத்தவரையே அடுத்த நாளிலிருந்து கேள்வி கேட்பது உத்தி வாக்கின் இரண்டாம் பாதி. அந்தப் பாதி இல்லாதவரை, அது வெறும் கட்சி மாற்றம்.

வாக்காளரை இந்த இக்கட்டில் நிறுத்துவது எண்ணும் முறை என்பதால், அந்த முறையை மாற்றுவதும் அறக் கடமையில் சேரும். அதற்கு ஒரு வழி விருப்ப வரிசை முறை: வாக்காளர் ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பத்தை வரிசைப்படுத்தலாம். முதல் விருப்பம் தோற்றால் ஓட்டு அடுத்தவருக்கு நகரும். இதனால் உத்தி முற்றாக ஒழியாது, கிப்பர்டின் தேற்றம் அதற்கு இடம் தராது. ஆனால் பிடித்தவருக்கும் போட்டு, தீமையையும் தடுக்க வழி கிடைக்கும். இலங்கை அதிபர் தேர்தலில் இந்த உரிமை 1982 முதல் இருக்கிறது. இரண்டாம் விருப்பங்களை எண்ண வேண்டிய நிலை 2024இல்தான் முதன்முறை வந்தது. முதலிருவரான அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் போக, மற்றவர்களுக்குச் சுமார் 33 லட்சம் வாக்குகள் விழுந்திருந்தன. அவற்றிலிருந்து இருவருக்கும் சேர்ந்த விருப்ப வாக்குகள் 2.73 லட்சம் மட்டுமே. தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்குப் போட்ட 2,26,343 பேரும் இரண்டாம் விருப்பத்தையும் எழுதி, மனசாட்சிக்கும் விளைவுக்கும் ஒரே சீட்டில் இடம் தந்திருக்க முடியும். வரிசை எழுதும் பழக்கம் மக்களிடம் இன்னும் பரவவில்லை. உரிமையைச் சட்டத்தில் எழுதினால் மட்டும் போதாது, சொல்லிக்கொடுக்கவும் வேண்டும்.

இந்தியாவிலும் இந்த முறை புதிதல்ல. குடியரசுத் தலைவர் தேர்தலும் மாநிலங்களவைத் தேர்தலும் இப்படித்தான் நடக்கின்றன. 1969இல் காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் சஞ்சீவ ரெட்டிக்கு எதிராக வி.வி. கிரி நின்றபோது, மனசாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் பிரதமர் இந்திரா காந்தி. முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதி கிடைக்கவில்லை. மற்றொரு வேட்பாளரான தேஷ்முக் உள்ளிட்டோருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பங்களையும் எண்ணிய பிறகே, 4,05,427க்கு எதிராக 4,20,077 வாக்கு மதிப்போடு கிரி வென்றார். தேஷ்முக்குக்குப் போட்ட உறுப்பினர் ஒருவரையும் ஓட்டைப் பிரித்தவர் என்று யாரும் குற்றம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய அடுத்த விருப்பமும் கேட்கப்பட்டது, எண்ணப்பட்டது. பொதுத் தேர்தலுக்கு விகிதாசார முறை வேண்டும் என்ற யோசனை 1949இல் அரசியல் நிர்ணய சபையில் வந்தபோது, எழுத்தறிவு பரவாத நாட்டுக்கு அது பொருந்தாது, நிலையான அரசும் அமையாது என்று அம்பேத்கர் மறுத்தார். 1951 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 18 சதவீதம். 2011இல் அது 74 சதவீதம். அவர் சொன்ன முதல் காரணம் இன்று வலுவிழந்துவிட்டது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கு வரிசை எழுதும் சீட்டு இருக்கிறது. அந்த உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த வாக்காளருக்கு ஒரே ஒரு பொத்தான்தான். இந்த நிலை மாறும்வரை, ஓட்டைப் பிரித்தாய் என்று எந்த வாக்காளரையும் குற்றம் சொல்லும் தகுதி எந்தக் கட்சிக்கும் கிடையாது.